அரைச் சுற்றுக்குள்

நவம்பர் 4
ஷார்ட் ஆகும்போது எகிறும் மின்னோட்டத்தை அடக்கும் எங்கள் மட்டுப்படுத்திக்கு நாடா வந்துவிட்டது. 12 மி.மீ. அகலம், பரிசுப் பொட்டலத்தில் கட்டும் ரிப்பன் மாதிரி இருக்கிறது. இதில் மீக்கடத்தி (கடுங்குளிரில் மின்தடையே இல்லாமல் போகும் பொருள்) என்பது ஏறக்குறைய ஒரு மைக்ரான் படலம்தான். மீதியெல்லாம் அதைத் தாங்கும் உலோகம்.

நவம்பர் 6
சோதனைக்குத் தேதி தரவில்லை.

நவம்பர் 7
அப்பாவிடம் பேசினேன். லைன்மேன் மூளை இன்னும் ஓயவில்லை. "அப்போ அது ஃப்யூஸ்தானே?" ஃப்யூஸ் போனால் ஆள் கம்பம் ஏறணும், இது தானாகவே குளிர்ந்து பழைய நிலைக்கு வந்துவிடும் என்றேன். "எவ்வளவு நேரத்துல?" சில நொடி. "அதுக்குள்ள மறுபடி ஷார்ட் ஆனா?" மாத்திரை போட்டீங்களாப்பா என்று பேச்சை மாற்றினேன்.

நவம்பர் 9
தூக்கமில்லை. பெரிய ஷார்ட் என்றால் பயமில்லை. மின்னோட்டம் எகிறும், நாடா முழுக்க ஒரே மூச்சில் மின்தடைக்கு மாறிவிடும், சூடு பரவிப்போகும். சின்னப் பழுதுதான் ஆபத்து. நாடா நெடுகத் தாங்குதிறன் ஒரே சீராக இருப்பதில்லை. அளவு கொஞ்சமாக மீறினால் நோஞ்சான் இடம் ஒன்று மட்டும் மாறும், மற்ற இடமெல்லாம் சும்மா கிடக்கும். மொத்தச் சூடும் அந்த விரற்கடையில் இறங்கும். வெளியே பார்த்தால் ஒன்றுமே தெரியாது.

நவம்பர் 12
எஸ்ஸன் (ஜெர்மனி) போனேன். 2014இல் நகர நடுவே ஒரு கிலோமீட்டர் மீக்கடத்திக் கேபிள் புதைத்து, மட்டுப்படுத்தியையும் சேர்த்து ஓடவிட்ட ஊர். 110 கிலோவோல்ட் கேபிள் செய்யும் வேலையை வெறும் 10 கிலோவோல்ட்டில் செய்தது. தெருவில் பார்க்க என்ன இருக்கிறது? ரொட்டிக்கடைதான். திரும்பும் ரயில் வேறு தாமதம்.

நவம்பர் 13
அம்மா பேசினார். அப்பாவுக்கு நெஞ்சில் வலியாம். லேசாகத்தானாம்.

நவம்பர் 14
இன்றும் லேசாக. ஈசிஜி எடுங்க என்றால், "இதுக்கெல்லாமா?" என்கிறார். கத்திவிட்டேன்.

நவம்பர் 17
ஒருவழியாக முதல் சோதனை! தொட்டியில் திரவ நைட்ரஜன், -196 டிகிரி. மாறுமின்னோட்ட அலையின் ஒரு சுற்றுக்கு 20 மில்லிசெகண்ட். முதல் அரைச் சுற்றிலேயே அலையின் தலையைத் தட்டிவிட்டது. பிரேக்கர் திறக்கவே சில சுற்றுகள் ஆகுமே. எல்லோரும் கைதட்டினார்கள். நான் நாளைய பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாளை குறைந்த மின்னோட்டம்.

நவம்பர் 18
காலையில் அம்மா இரண்டு தடவை கூப்பிட்டிருக்கிறார். திருப்பிக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. உள்ளே போனுக்கு அனுமதியில்லை. 11 மணிக்கு வெளியே வந்து பார்க்கணும்.