பழைய 800 எஞ்சின், டர்போ, 48 வோல்ட் மோட்டார்: ஃபைனல் இயர் புராஜெக்ட் அனுபவம்

ரிசல்ட் வந்துவிட்டது. புராஜெக்ட்டுக்கு ஓ கிரேடு, நாலு பேருக்கும் அரியர் இல்லை. ஜூனியர்கள் நிறையப் பேர் கேட்டுக்கொண்டே இருப்பதால் எல்லாம் நினைவில் இருக்கும்போதே எழுதிவிடுகிறேன். எங்கள் தலைப்பு, எஃப்.சி. முடிந்து உடைக்க வந்த மாருதி 800-இன் எஞ்சினில் டர்போவும் (எக்ஸாஸ்ட் வேகத்தில் சுற்றி, எஞ்சினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) மோட்டாரும் சேர்த்து டெஸ்ட் பெட்டில் (லேபில் எஞ்சினை மட்டும் நிறுத்தி ஓட்டும் மேடை) ஓட்டுவது. லேத் கூலி, ரிப்போர்ட் பைண்டிங் எல்லாம் சேர்த்து 60,000 ரூபாய்க்குள் முடித்தோம்.

முழுசாகப் படிக்க நேரம் இல்லாதவர்கள் இதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். எஞ்சினில் ஒரு போல்ட்டைக்கூடத் தொடுவதற்கு முன்னால் அதை அப்படியே டைனமோமீட்டரில் (எஞ்சினின் இழுவையை அளக்கும் கருவி) ஏற்றி ரீடிங் எடுத்துவிடுங்கள். டர்போவுக்கு விலை விசாரிப்பதுகூட அதற்கு அப்புறம்தான். டார்க் (முறுக்கு விசை), 10 சிசி பெட்ரோல் எரிய ஆகும் நேரம், ஏர் பாக்ஸ் மேனோமீட்டர் உயரம் (எஞ்சின் இழுக்கும் காற்றின் அளவு இதிலிருந்துதான்), எக்ஸாஸ்ட் வெப்பநிலை, அன்றைக்கு லேபுக்குள் என்ன வெப்பம் என்று எல்லாம் ஒரே டேபிளில் இருக்க வேண்டும். எங்களுக்குக் கிடைத்த மார்க்கில் பாதி அந்த டேபிளால் வந்தது என்றுதான் இன்றைக்கும் நம்புகிறேன்.

செகண்ட் ரிவ்யூவில் எங்களுக்கு முன்னால் போன டீமிடம் இருந்தது புராஜெக்ட் சென்டரில் வாங்கிய மாடல். பெயின்ட் பளபளவென்று இருந்தது, டர்போ சுற்றியது, எல்.ஈ.டி. எரிந்தது. "பவர் கூடியிருக்கிறது" என்றார்கள். "எதைவிட?" என்று ஒரே கேள்வி வந்தது. பதில் இல்லை. ஆனாலும் அந்த ரிவ்யூவில் அவர்களுக்கு எங்களைவிட அதிக மார்க். அந்தக் கசப்பு எனக்கு இன்னும் போகவில்லை. கடைசி வைவாவில் எக்ஸ்டர்னல் (வெளியிலிருந்து வந்த தேர்வாளர்) அதே கேள்வியை எல்லோரிடமும் கேட்டார். அங்கே எங்கள் டேபிள் பேசியது.

இந்தப் பேஸ்லைன் ரீடிங் (எதையும் மாற்றாத எஞ்சினின் ரீடிங்) வெறும் ஒப்பீட்டுக்கு மட்டும் இல்லை. டர்போ தேர்வே அதிலிருந்துதான் வரும். 796 சிசி, ஃபோர் ஸ்ட்ரோக். 4000 ஆர்.பி.எம்.-இல் வால்யூமெட்ரிக் எஃபிஷியன்சி (சிலிண்டர் கொள்ளளவில் எவ்வளவு பங்கு உண்மையில் காற்றால் நிரம்புகிறது என்பது) 85 சதவீதம் என்றால், மதுரை வெயிலில் (35 டிகிரி என்று வையுங்கள்) விநாடிக்கு ஏறக்குறைய 26 கிராம் காற்று. 0.4 பார் பூஸ்ட் (டர்போ கூட்டும் காற்றழுத்தம்) கொடுத்து இன்டர்கூலரில் (அழுத்தியதால் சூடான காற்றைக் குளிர்விப்பது) 50 டிகிரிக்கு இறக்கினால் 34 கிராம் வரும். அந்த அளவு தெரிந்தவுடன் 1.3 லிட்டர் ஸ்விஃப்ட் டீசலில் வரும் சின்ன கேபி35 டர்போ போதும் என்று முடிவாகிவிட்டது. பக்கத்து டீம் லாரி டர்போ வாங்கி வைத்திருந்தது. இவ்வளவு சின்ன எஞ்சினின் புகைக்கு அது அசையவே அசையாது.

இன்டர்கூலர் தேவையா என்று கேட்பவர்களுக்கும் கணக்கிலேயே பதில் இருக்கிறது. 35 டிகிரி காற்றை 1.4 மடங்கு அழுத்தத்துக்குக் கொண்டுபோனால், கம்ப்ரசர் (டர்போவில் காற்றை அழுத்தும் பக்கம்) எஃபிஷியன்சி 65 சதவீதம் என்று வைத்தால், வெளியே வருவது 83 டிகிரி. அடர்த்தி 21 சதவீதம்தான் கூடும். 50 டிகிரிக்கு இறக்கினால் 33 சதவீதம். நாக்கிங் (கலவை நேரத்துக்கு முன் தானாக வெடிப்பது) பயமும் குறையும்.

பழைய டர்போ வாங்கும்போது:

- ஷாஃப்ட்டை முன்னும் பின்னும் இழுத்துப் பாருங்கள். அந்த ஆட்டம் கைக்குத் தெரியக் கூடாது. பக்கவாட்டில் கொஞ்சம் இருக்கலாம், ஆனால் பிளேடு ஹவுசிங்கைத் தொட்டால் வேண்டாம்.
- "ஓடுற வண்டில கழட்டுனது தம்பி" என்பதை நம்பாதீர்கள். எங்களுக்கு முதலில் காட்டியதில் பிளேடு நுனி தேய்ந்திருந்தது.
- வேஸ்ட்கேட் (பூஸ்ட் அளவு மீறாமல் எக்ஸாஸ்ட்டைத் திருப்பிவிடும் கதவு) ஆக்சுவேட்டரில் சைக்கிள் பம்பையும் கேஜையும் மாட்டி, எந்த அழுத்தத்தில் ராடு நகர்கிறது என்று பாருங்கள். டீசலுக்கு வைத்த ஸ்பிரிங் நமக்கு ரொம்பக் கடினம். அதை மாற்றாமல் ஓட்டினால் பிஸ்டன் போய்விடும்.
- பெட்ரோல் எக்ஸாஸ்ட், டீசலைவிடச் சூடு. கே டைப் தெர்மோகப்பிளை (வெப்பநிலை சென்சர்) டர்பைனுக்கு (டர்போவில் எக்ஸாஸ்ட் சுற்றும் பக்கம்) முன்னால் வைத்து 850 டிகிரிக்குள் நிறுத்திக்கொள்ளுங்கள். அதைப் படிக்கும் மேக்ஸ்6675 போர்டு 1024 டிகிரி வரை படிக்கும், விலையும் குறைவு.

ஆயில் ரிட்டர்ன் பைப் பற்றி எல்லோரும் சொல்வதுதான்: அகலமாக, கீழ்நோக்கி, சம்ப்பில் (எஞ்சின் அடியில் இருக்கும் ஆயில் தொட்டி) ஆயில் மட்டத்துக்கு மேலே சேர வேண்டும். அது மேலேறி இறங்கினால் ஆயில் தேங்கிப் புகை தள்ளும்.

லேத், வெல்டிங் வேலைக்குக் கப்பலூர் சிட்கோ, கே.புதூர் சிட்கோ இரண்டிலும் ஏறி இறங்கினோம். மேனிஃபோல்டு ஃபிளாஞ்ச் போட்டுக்கொடுத்த அண்ணன் டிராயிங்கை வாங்கிப் பார்த்துவிட்டு, "தம்பி, வெல்டு வச்சா தகடு வளையும். கனமா எடுத்துட்டு வாங்க, வெல்டுக்கு அப்புறம் ஒரு தடவ ஃபேஸ் பண்ணிருவோம்" என்றார். அந்த ஒரு வார்த்தையால் கேஸ்கெட் ஊதும் பிரச்சினையே எங்களுக்கு வரவில்லை. டிராயிங் இல்லாமல் போகாதீர்கள், கையால் போட்டதாக இருந்தாலும் அளவு எழுதி எடுத்துப் போங்கள். இன்னொன்று, சித்திரைத் திருவிழா சமயத்துக்கு எந்த லேத் வேலையையும் மிச்சம் வைக்காதீர்கள். அழகர் ஆற்றில் இறங்கும் வாரத்தில் பட்டறையில் ஆள் இருக்காது, இருந்தாலும் ஊருக்குள் வண்டி கொண்டுபோக முடியாது. வைவா தேதி பெரும்பாலும் அதை ஒட்டித்தான் விழுகிறது.

கார்புரேட்டர் எஞ்சினா, எம்.பி.எஃப்.ஐ.யா (இன்ஜெக்டர் வழியாகப் பெட்ரோல் தெளிக்கும் வகை)? நாங்கள் எம்.பி.எஃப்.ஐ. எடுத்தோம். கார்புரேட்டரை டர்போவுக்கு முன்னால் வைத்தால் பெட்ரோல் கலந்த காற்று கம்ப்ரசர் வழியாகப் போகும், இன்டர்கூலரை மறந்துவிட வேண்டியதுதான். பின்னால் வைத்தால் ஃப்ளோட் சேம்பருக்கும் பம்புக்கும் பூஸ்ட் அழுத்தத்தைச் சமன் செய்ய வேண்டும். கம்பெனி ஈ.சி.யு. (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) பூஸ்ட்டுக்காகச் செய்தது இல்லை என்பதால் ஸ்பீடுயினோ போட்டோம். அர்டுயினோ மெகா 2560 மேல் ஓடும் ஓப்பன் சோர்ஸ் ஈ.சி.யு. அது. கூட 250 கிலோபாஸ்கல் வரை படிக்கும் எம்.பி.எக்ஸ்4250 அழுத்த சென்சர். பணத்தில் பெரிய தொகை பாஷ் எல்.எஸ்.யு. 4.9 வைடுபேண்டுக்கு (எக்ஸாஸ்ட்டில் இருந்து காற்று-பெட்ரோல் கலவையைச் சொல்லும் சென்சர்) போனது. டீமில் சண்டையே வந்தது. நான் விடவில்லை. பூஸ்ட்டில் கலவை தெரியாமல் ஓட்டுவதற்குப் பதில் அந்த எஞ்சினை எடைக்கே போட்டுவிடலாம்.

நாக்கிங் வராமல் இருக்கக் கம்ப்ரஷன் ரேஷியோ (சிலிண்டருக்குள் கலவை எத்தனை மடங்கு நசுங்குகிறது என்பது) குறைக்க ஹெட் கேஸ்கெட் தடிமனைக் கூட்டச் சொல்வார்கள். 68.5 மிமீ போர், 72 மிமீ ஸ்ட்ரோக். ஒரு சிலிண்டர் 265 சிசி. ரேஷியோ 9 என்றால் கிளியரன்ஸ் 33 சிசி. 1 மிமீ கூட்டினால் 3.7 சிசி சேர்ந்து ரேஷியோ 8.2-க்கு இறங்கும். கணக்கு சரிதான், ஆனால் ஸ்க்விஷ் (பிஸ்டன் மேலே வரும்போது ஹெட்டுடனான குறுகிய இடைவெளி கலவையைக் கலக்கிவிடுவது) போய்விடும். 0.4 பாருக்கு நாங்கள் அதைச் செய்யவில்லை. பூஸ்ட்டில் 0.07 பாருக்கு 1 டிகிரி என்று இக்னிஷனைப் பின்தள்ளி, லாம்டாவை (சரியான கலவை என்றால் 1, பெட்ரோல் கூடினால் 1-க்குக் கீழே) 0.8-ஐ ஒட்டி வைத்தோம். நிதானமாகப் போகிறவன் நான். ரிஸ்க் பிடிக்கும் டீம் வேறு மாதிரி முடிவு எடுக்கலாம்.

இனி ஹைபிரிட் பக்கம். இதில்தான் பணம் வீணாகும். புது மோட்டார் தேவையே இல்லை. இ-ரிக்‌ஷாவின் 48 வோல்ட், 1 கிலோவாட் பி.எல்.டி.சி. (பிரஷ் இல்லாத டி.சி. மோட்டார்) போதும். அது 3000 ஆர்.பி.எம்.-இல் தருவது 3.2 நியூட்டன் மீட்டர்தான். கிராங்கில் பெரிய புல்லி போட்டு 2:1 ஆக்கினால் 1500-இல் 6.4 கிடைக்கும். டர்போ எழும்புவதற்கு முன் இருக்கும் பள்ளத்தை நிரப்ப அது உதவும். அந்தப் பள்ளம் எந்த ஆர்.பி.எம்.-இல், எவ்வளவு ஆழம் என்று காட்டியதும் பழைய பேஸ்லைன் டேபிள்தான். டர்போ மட்டும் மாட்டி எடுத்த ரீடிங்கை அதன் பக்கத்தில் வைத்தபோது 1800-க்குக் கீழே எங்கள் எஞ்சின் பழையதைவிட மோசமாக இருந்தது. அது தெரிந்ததால்தான் மோட்டாருக்கு வேலை எது என்று சொல்ல முடிந்தது.

சிக்கல் மேலே போகும்போது வரும். எஞ்சின் 4000-இல் சுற்றினால் மோட்டார் 8000-இல் சுற்றும், பேக் இ.எம்.எஃப். (சுற்றும் மோட்டார் தானே உண்டாக்கும் வோல்டேஜ்) கன்ட்ரோலர் தாங்கும் வோல்டேஜைப்போல் இரண்டு மடங்காகிவிடும். எங்கள் தீர்வு, பழைய காரின் ஏ.சி. கம்ப்ரசர் கிளட்ச். 12 வோல்ட் கொடுத்தால் பிடிக்கும், எடுத்தால் புல்லி மட்டும் சும்மா சுற்றும். மோட்டார் ஷாஃப்ட்டுக்கு ஒரு அடாப்டர் கடைந்து மாட்டி, 1800-இல் ரிலே விட்டுவிடும்படி வைத்தோம். புராஜெக்ட்டிலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. பேட்டரி, நாலு 12 வோல்ட் லெட் ஆசிட், தெரிந்த இ-ரிக்‌ஷா அண்ணனிடம் இரவல். ஃபியூஸ் டி.சி. ரேட்டிங் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். வீட்டு மின்சாரத்துக்கான (மாற்று மின்னோட்டம்) எம்.சி.பி. போட்டிருந்த டீமை எக்ஸ்டர்னல் விடவில்லை.

கடைசியில் மூன்று வரிசை ரீடிங்: சும்மா, டர்போ, டர்போவும் மோட்டாரும். 3000-இல் டார்க் ஐந்தில் ஒரு பங்கு கூடியிருந்தது. பேஸ்லைனை ஜனவரிக் காலையில் 25 டிகிரியிலும், கடைசி ரீடிங்கை ஏப்ரலில் 38 டிகிரியிலும் எடுத்தால் வெப்பத்தால் மட்டுமே காற்றின் அடர்த்தி 4 சதவீதம் குறையும். ஒவ்வொரு வரியிலும் லேப் வெப்பநிலை இருந்ததால் அதைத் திருத்திக் காட்ட முடிந்தது.

வைவாவில் வந்தவை:

- எஃப்1 காரில் 2014 முதல் டர்போ ஷாஃப்ட்டிலேயே மோட்டார் இருந்ததே, நீங்கள் ஏன் வைக்கவில்லை? (அங்கே 1,25,000 ஆர்.பி.எம். வரை சுற்றும், அந்த வேகத்துக்கான மோட்டாரும் பேரிங்கும் நம் பட்ஜெட்டில் கிடையாது. 2026 விதிகளில் எஃப்1-இலேயே அதை எடுத்துவிட்டார்கள்.)
- இதை ரோட்டில் ஓட்டலாமா? (கூடாது. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52.)
- பங்க்கில் வாங்கியது இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்தது) என்றால், காற்று-பெட்ரோல் விகிதம் 14.7 சரியா? (இல்லை, 13.5 போல வரும். அதனால்தான் ரிப்போர்ட் முழுக்க லாம்டாவில் எழுதினோம்.)
- மோட்டார் கொடுத்த சக்தியை எரிபொருள் கணக்கில் சேர்த்தீர்களா? (பேட்டரி வோல்டேஜ், ஆம்பியர் இரண்டையும் டேபிளில் தனி நெடுவரிசையில் குறித்திருந்தோம்.)

கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லும்போது எக்ஸ்டர்னல் பேஸ்லைன் டேபிளை நோட்டிலிருந்தே காட்டச் சொன்னார். டைப் செய்தது போதாது, லேபில் கையால் எழுதிய, கைடு கையெழுத்துப் போட்ட பக்கம் வேண்டும் என்றார். அந்த நோட்டை வைவா அன்றைக்குக் கையோடு கொண்டுபோங்கள்.