மே மாதக் குறிப்புகள்: உல்ரிக்கே மைன்ஹோஃப்

மே 9

ஸ்டாம்ஹைம் சிறை, 1976. உல்ரிக்கே செத்த நாள். பத்திரிகையாளராக இருந்து, மேற்கு ஜெர்மனியில் செம்படைப் பிரிவு (RAF) என்ற ஆயுதக் குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவர். கீற்றுகளாகக் கிழித்துத் திரித்த துண்டு, ஜன்னல் கம்பி. அன்று ஜெர்மனியில் அன்னையர் தினம். அவருடைய இரட்டைப் பெண்களுக்கு வயது 13. தற்கொலை என்றது அரசு. கொலை என்றார்கள் தோழர்கள்.

மே 11

பிராங்க்ஃபர்ட், 1972. அமெரிக்க ராணுவத் தலைமையகத்தில் அவருடைய குழு வைத்த குண்டு. செத்தவர் பால் ப்ளூம்குவிஸ்ட். இந்தப் பெயரை விட்டுவிட்டு உல்ரிக்கேயைப் பற்றி ஒருவரும் எழுதக் கூடாது.

மே 12

அவர் மண்டைக்குள் இருந்த வெள்ளிக் கவ்வி. 1962இல் வயிற்றில் இரட்டைக் குழந்தைகள். தாங்க முடியாத தலைவலி. கட்டி என்று நினைத்து, பிரசவத்துக்குப் பிறகு மண்டையைத் திறந்தார்கள். இருந்தவை புடைத்த ரத்தக்குழாய்கள். கவ்வி போட்டு மூடினார்கள். 1972 ஜூன் 15, ஹனோவர் பக்கம் லாங்கன்ஹாகனில் பிடிபட்டபோது பெயர் சொல்ல மறுத்தார். இளைத்துப்போய் ஆளே அடையாளம் தெரியவில்லை. எக்ஸ்ரேயில் கவ்வி காட்டிக்கொடுத்தது.

அதோடு விட்டார்களா? 1973இல் மூளையைப் பரிசோதிக்க வேண்டும், தேவைப்பட்டால் மயக்க மருந்து கொடுத்தாவது என்று அரசு வழக்கறிஞர்கள் கிளம்பினார்கள். எதிர்ப்பு வலுத்ததும் கைவிட்டார்கள். மூளைக்கோளாறு என்று முத்திரை குத்திவிட்டால், 'கொன்க்ரெட்' இதழில் அவர் வருஷக்கணக்காக எழுதிய பத்திகளுக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை. ஆத்திரமாக வருகிறது. குண்டுகளுக்கும் அவரேதான் பொறுப்பு, கவ்வி அல்ல.

மே 14

பெர்லின், டாலம், 1970. சமூக ஆய்வு நிலையத்தின் வாசிப்பறை. காப்பக விடுதிப் பிள்ளைகளைப் பற்றிச் சேர்ந்து புத்தகம் எழுதுவதாகச் சொல்லி, டெகல் சிறையிலிருந்து ஆண்ட்ரியாஸ் பாடரை (பிறகு குழுவின் இன்னொரு தலைவர்) வரவழைத்தார்கள். கூட இரண்டு காவலர்கள். கைவிலங்கைக் கழற்றிவிட்டார்கள். ஆயுதத்தோடு நுழைந்தவர்கள் கேயோர்க் லிங்கே என்ற ஊழியரைச் சுட்டார்கள். வயது 62, ஈரலில் குண்டு. பிழைத்தார். பாடர் ஜன்னல் வழியாகக் குதித்தார், உல்ரிக்கேயும் குதித்தார். உட்கார்ந்த இடத்திலேயே இருந்திருந்தால் 'எனக்கொன்றும் தெரியாது' என்றிருக்கலாம், பத்திரிகையாளராகவே வீடு திரும்பியிருக்கலாம். குதித்த பிறகு சுவரெல்லாம் அவர் முகம், தலைக்கு 10,000 மார்க். விடுதிப் பெண்களைப் பற்றி அவர் எழுதிய தொலைக்காட்சிப் படம் பத்து நாளில் வரவேண்டியது, முடக்கினார்கள். 1994இல்தான் ஒளிபரப்பானது.

ஏன் குதித்தார்?

மே 15

அடக்கம், மரியன்டார்ஃப், 1976. ஆயிரக்கணக்கில் கூட்டம். பெட்டிக்குள் மூளை இல்லை. அது ஆராய்ச்சிக்கென்று டியூபிங்கனுக்குப் போயிருந்தது, பிறகு மக்டபர்குக்கு. 2002இல்தான் வெளியே தெரிந்தது. அந்த டிசம்பரில் எரித்து, அதே கல்லறையில் சேர்த்தார்கள்.

மே 19

ஹாம்பர்க், 1972. ஸ்பிரிங்கர் பத்திரிகைக் கட்டடத்தில் குழு வைத்த குண்டு. தொலைபேசியில் எச்சரித்தார்கள், கட்டடத்தைக் காலி செய்யவில்லை. காயப்பட்டவர்கள் அங்கே கூலிக்கு வேலைபார்த்தவர்கள். முதலாளிக்கு ஒரு கீறல் இல்லை.

மே 21

உல்ரிக்கே, பாடர் முதலியோர்மீதான வழக்கு தொடங்கியது, 1975. சிறையை ஒட்டி இதற்கென்றே கட்டிய நீதிமன்றம். பாடர் தேர்ந்தெடுத்த வக்கீல்களை அதற்கு முன்பே நீக்கிவிட்டார்கள். இதை நாளை விரிவாக எழுத வேண்டும்.