வேணுவனத்தில் ஆறு திசை வணக்கம்

அப்பாவுக்குக் கடைசிவரை ஒரே ஆசைதான். ஈரத்தோடு ஆறு திசையைக் கும்பிட்டுக்கொண்டிருந்த சிகாலன் என்ற இளைஞனுக்கு, அந்தத் திசைகள் யார் யார் என்று பகவன் புத்தர் உபதேசம் செய்த ராஜகிருகத்தில், இன்றைய பீகாரின் ராஜ்கீரில், நின்று ஆறு திசையையும் கும்பிட வேண்டும். அவர் காலத்தில் கைகூடவில்லை. போன தை மாதம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு நான் போய்வந்தேன்.

பனிமூட்டத்தில் ரயில் ஊர்ந்து ஊர்ந்து கயை போய்ச் சேர்ந்தது. அங்கிருந்து ராஜ்கீர் போவதற்குள் அம்மாவுக்கு முழங்கால் வீங்கிவிட்டது. மறுநாள் விடியலில் வைபார மலை அடிவாரத்து வெந்நீர் ஊற்றுக்குப் போனால், பிரம்ம குண்டத்தில் கால் வைக்க இடமில்லை. சங்கல்பம் செய், தட்சிணை வை என்று ஆளாளுக்குக் கையைப் பிடித்து இழுக்கிறார்கள். நடக்க முடியாத கிழவியைக்கூட விடுவதில்லை. மனசு கசந்துபோய்விட்டது. எப்படியோ ஒரு முழுக்குப் போட்டேன். சிகாலன் ஈர உடையும் ஈரத்தலையுமாக நின்றான் அல்லவா, நானும் ஈர வேட்டியோடு பக்கத்திலிருக்கும் வேணுவனத்துக்கு நடந்தேன். பல் கிடுகிடுத்தது.

பிம்பிசார மன்னர் பகவனின் துறவிகள் சங்கத்துக்குக் கொடுத்த வனம். உள்ளே மூங்கில் புதர்கள், நடுவே குளம். புத்தம், தம்மம், சங்கம் சரணம் என்னும் திரிசரணமும், ஐந்து ஒழுக்கங்களான பஞ்சசீலமும் சொல்லிவிட்டுக் கிழக்கே திரும்பினேன். அது பெற்றோரின் திசை. அப்பா முகம் வந்து நின்றது. தெற்கே ஆசிரியர்கள். மேற்கே திரும்பும்போது அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு தானும் திரும்பினார். மனைவியை மதிக்க வேண்டும், இழித்துப் பேசக் கூடாது, துரோகம் செய்யக் கூடாது, வீட்டு அதிகாரத்தை அவளிடம் விட வேண்டும், நகை வாங்கித் தர வேண்டும். பகவன் சொன்ன ஐந்தும் அம்மாவுக்கு மனப்பாடம்.

"அஞ்சாவது ஒண்ணுதான்டா உங்கப்பாவால முடியல. மத்த நாலுலயும் ஒரு குறை வெச்சதில்ல" என்றார். அப்புறம் இருவராலும் பேச முடியவில்லை.

வடக்கே நண்பர்களை வணங்கி, காலுக்குக் கீழே உள்ள திசைக்காகத் தரையில் நெற்றி வைத்தேன். வேலையாட்களின் திசை அது. தெம்புக்கேற்ற வேலை, சோறும் கூலியும், நோயில் கவனிப்பு, கிடைத்த நல்ல பண்டத்தில் பங்கு, வேளையில் ஓய்வு. அப்பாவின் பைண்டிங் கடையில் கட்டிங் மெஷின் அண்ணன் காமாலையில் படுத்தபோது சம்பளக் கவரும் கஞ்சித் தூக்குமாக அப்பா சைக்கிளில் போவார். சம்பாத்தியத்தை நான்காகப் பிரித்து, ஒரு பங்கு செலவுக்கு, இரண்டு தொழிலுக்கு, ஒன்று ஆபத்துக்கு என்று பகவன் சொன்னபடியே நோட்டில் கோடு போட்டு வைத்திருந்தார். அந்த நாலாம் பங்கில்தான் அவருக்கே வைத்தியம் பார்த்தோம். நெற்றியை எடுக்க மனம் வரவில்லை. எழுந்து மேலே பார்த்து, துறவிகளின் திசையையும் வணங்கினேன்.

ராஜ்கீரிலேயே உள்ள கழுகு மலைக்கும், 1969-இல் திறந்த சாந்தி ஸ்தூபிக்கும் போனோம். ரோப்கார் வரிசையிலேயே பாதி நாள் போனது.

திரும்பும் வழியில் சிலாவ் ஊரில் வண்டியை நிறுத்தச் சொல்லி, அடுக்கடுக்காகப் பொரியும் காஜா இனிப்பு வாங்கினேன். அப்பா கடைப் பையன்களுக்கு இரண்டு கிலோ தனிப்பெட்டி. அம்மா அந்தப் பெட்டியை ஊர் வரும்வரை யாரையும் தொடவிடவில்லை. பகவனே, இப்படி ஒரு அப்பாவுக்கு என்னைப் பிள்ளையாக்கினீர்களே, கோடி நமஸ்காரம்.