பாத்து எழுதுவான், வாசிக்க மாட்டான்

போன வருஷம் எங்க தேயிலைத் தோட்டத்து ஸ்கூல்ல தரம் 3 என் கைக்கு வந்தப்ப ஒரு பையனோட கொப்பிய பாத்து அசந்துட்டேன். போர்டுல இருக்கிறத அப்பிடியே அச்சு மாதிரி எழுதியிருந்தான், ஒரு எழுத்து கோட்ட தாண்டல. இவனப் பத்தி கவலையே இல்லன்னு ரெண்டு மாசம் ஓட்டிட்டேன். அப்புறம் ஒரு நாள் "நீங்க எழுதுனத வாசிங்க தம்பி" ன்னேன், தலைய குனிஞ்சிட்டு நின்னான். 'மரம்' சொன்னான், 'படம்' சொன்னான், 'தேயிலை'ல நின்னுட்டான். அவங்க அம்மா தெனமும் பறிக்கிறது, ஜன்னல தொறந்தா தெரியிறது, அந்த சொல்ல அவனால வாசிக்க முடியல.

அன்னைக்கு ராத்திரி அவனோட கொப்பிய திருப்பித் திருப்பி பாத்தேன். பாத்து எழுதுன பக்கத்துல ஒரு பிழையும் இல்ல, டிக்டேஷன் பக்கத்துல கொம்பு வர்ற எழுத்தெல்லாம் சிதறிக் கிடக்குது. யோசிச்சா அதுல ஒரு ஞாயம் இருக்கு. 'தே' ன்னு சொல்றப்ப வாயில முதல்ல வர்றது 'த்', அதுக்கப்புறம் தான் 'ஏ'. எழுதுறப்ப கொம்பு முதல்ல வந்து நிக்குது, 'லை'யும் அதே கதை, 'கொ' வந்துட்டா ரெண்டு பக்கமும் காவல் வேற. நமக்கு பழகிப்போனதால தெரியல, சத்தத்தையும் எழுத்தையும் சேத்துப் பிடிக்க கஷ்டப்படுற பிள்ளைக்கு இது பெரிய மலை. ல ள ழ மாத்திப் போடுறத வச்சு மட்டும் எந்த பிள்ளையையும் முடிவு பண்ணிராதீங்க, லயத்துல, அதான் தோட்டத்து வரிசை வீடுகள்ல, பேசுற பேச்சுல அந்த வித்தியாசம் சரியா வர்றதே இல்ல, அந்தப் பிழைய வகுப்புல பாதிப்பேர் விடுவாங்க.

நான் செஞ்சது பெருசா ஒண்ணுமில்ல. ஒரு பழைய தட்டுல ஆத்து மணல் போட்டு, சத்தத்த சொல்லிக்கிட்டே விரலால எழுத வச்சேன், கொம்புக்கு ஒரு கலர் எழுத்துக்கு ஒரு கலர்னு அட்டை வெட்டி அவன் கையாலேயே சேக்க வச்சேன், ஒரு நாளைக்கு ரெண்டு எழுத்து போதும். திண்ணைப் பள்ளிக்கூட காலத்துல மணல்ல எழுதித்தானே படிச்சாங்க, ஏடு தொடக்கும்போது இன்னைக்கும் அரிசியில தானே விரல் பிடிச்சு எழுத வைக்கிறோம், அது ஒரு நாளோட நின்னு போகுது, அவ்வளவு தான். முதல்ல அவனுக்கு மட்டும்னு தொடங்குனது, பொறகு எல்லாரும் கேட்டாங்க, இப்ப அஞ்சு தட்டு இருக்கு.

அதே வகுப்புல ஒரு பிள்ளை, கூப்பிட்டா திரும்ப மாட்டா. "அது ஒரு மந்தம் டீச்சர்" ன்னு ஏற்கனவே பேரு வச்சாச்சு. ஒரே ஹோல்ல மூணு வகுப்பு நடக்குது, ஜூன் மாசம் பிறந்தா தென்மேற்கு பருவமழை தகரத்துல கொட்டுற கொட்டுல எனக்கே என் குரல் கேக்காது, நான் வேற போர்டப் பாத்துக்கிட்டு டிக்டேஷன் சொல்லியிருக்கேன். அவ என் வாயப் பாத்து தான் பாதி விளங்கிக்கிறான்னு கண்டுபிடிக்க எனக்கு ஒரு பள்ளித் தவணையே போச்சு. காதுல அடிக்கடி சீழ் வருமாம். அவங்க அம்மாவ கூப்பிட்டு பேசுனேன்.

"காட்டணும் தாங்க டீச்சர், நுவரெலியா போனா அன்னைக்கு பேரு போயிரும், பஸ் காசு வேற, திரும்ப வர சொல்லுவாங்க, அப்பவும் பேரு போயிரும்."

பேரு போறதுன்னா அன்னைக்கு வேலைக் கணக்குல பேரு விழாது, அந்த நாள் சம்பளம் இல்ல. இத கேட்டுட்டு 'பெத்தவங்களுக்கு அக்கறை இல்ல' ன்னு எழுதிட்டு போறவங்க மேல எனக்கு கோவம் வருது. கடைசியில அவங்க அப்பாயி கூட்டிட்டு போனாங்க, என்ன சொல்லணும்னு நான் ஒரு துண்டுல எழுதிக் குடுத்தேன். மருந்து போட்டு சீழ் நின்னுச்சி, கேக்குற அளவ சோதிக்கிற டெஸ்ட் இன்னும் பாக்கி. இப்ப அவ முன் வரிசையில சுவர் பக்கமா உக்காருறா, நான் பிள்ளைகள பாத்து நின்னு தான் பேசுறேன், மழை பெய்யிற நேரம் டிக்டேஷன் கிடையாது.

இந்த மாதிரி பிள்ளைகளையெல்லாம் விசேட அலகு, அதான் இவங்களுக்குன்னு தனி வகுப்பு, இருக்கிற ஸ்கூலுக்கு அனுப்பிருங்கன்னு ஒருத்தர் சொன்னார். அது எவ்வளவு தூரம், யார் கூட்டிட்டு போறதுன்னு அவர் கேக்கல. 1994ல ஸ்பெயின்ல சலமன்கா நகரத்துல 92 அரசாங்கங்கள் கூடி சாதாரண பள்ளிக்கூடமே எல்லா பிள்ளையையும் ஏத்துக்கணும்னு சொன்னது. மாற்றுத்திறனாளிகள் உரிமை பத்தின ஐநா சமவாயத்த நம்ம இலங்கை 2016ல உறுதிப்படுத்துச்சி, அதுலயும் எல்லா பிள்ளையையும் சேத்துப் படிப்பிக்கிற உட்படுத்தல் கல்வி உரிமைன்னு தான் இருக்கு. 38 பிள்ளைக்கு ஒரு டீச்சரா நின்னுக்கிட்டு அத வாசிக்கிறப்ப நெஞ்சு பாரமா இருக்குது, உதவிக்கு இன்னொரு ஆள் வேணும்னு நான் கேட்டுக்கிட்டே தான் இருப்பேன், ஆனா பிள்ளைய அனுப்பிர்றதுக்கு சம்மதிக்க மாட்டேன்.

பையன் இப்ப சின்ன வசனம் வாசிக்கிறான், மெதுவா, விரல் வச்சு. தரம் 4 போறப்ப அடுத்த டீச்சருக்கு ஒரு பக்கம் எழுதிக் குடுத்திருக்கேன்: எந்த எழுத்து வரும், எது வராது, வாய்க் கணக்குல கெட்டிக்காரன், சத்தமா வாசிக்க சொல்லி எல்லாருக்கும் முன்னால நிறுத்தாதீங்க, மணல் தட்டு அலுமாரிக்கு மேல இருக்குது. முதல் வரியில சிவப்புல எழுதுனது, கொப்பி அழகா இருக்கேன்னு விட்டுறாதீங்க, தெனம் ஒரு வரியாவது வாசிக்க சொல்லிக் கேளுங்க.