தேய்பிறை அஷ்டமியும் தருமரின் நாயும்

தேய்பிறை அஷ்டமி அன்று மயிலாப்பூர் போனால் நெரிசலைத் தாங்கித்தான் ஆக வேண்டும். கிழக்கு கோபுரம் வழியாக நுழைந்து, மேற்குப் பார்த்த கபாலீசுவரரையும் தெற்குப் பார்த்த கற்பகாம்பாளையும் தரிசித்துவிட்டுப் பைரவர் சந்நிதிக்கு வந்தால் அங்கே தனிக்கூட்டம். செவ்வரளி மாலை, அதற்கு மேல் வடை மாலை, நல்லெண்ணெயும் மிளகும் கருகும் வாசனை. மாலைகளுக்கு நடுவே பின்னால் நிற்கும் நாயின் மூக்கு மட்டும் தெரிந்தது, அதற்கும் யாரோ ஒரு பொட்டு சந்தனம் வைத்திருந்தார்கள்.

எனக்கு முன்னால் நின்ற மாமி பேரனிடம், "ஸ்வாமியோட நாய்டா, கும்பிட்டுக்கோ" என்றார். அவன் சும்மா இருப்பானா? "அப்போ வெளில இருந்த நாயை மட்டும் ஏன் பாட்டி அந்தத் தாத்தா விரட்டினார்?" "நகரு, வரிசை போறது பாரு!"

மாமி தப்பித்துவிட்டார், எனக்குத்தான் அர்ச்சனையில் மனசு நிற்கவில்லை. அந்தக் கேள்வி மகாபாரதத்திலேயே இருக்கிறது, 17-ஆவது பருவமான மகாபிரஸ்தானிகத்தில். (வில்லிபாரதம் போரோடு நின்றுவிடுவதால் நம்மில் பலருக்கு இந்தக் கட்டம் கேள்விக்கதைதான்.) ராஜ்ஜியத்தைத் துறந்து பாண்டவர்களும் திரௌபதியும் அஸ்தினாபுரத்தை விட்டுக் கிளம்பும்போது ஒரு நாயும் பின்னாலேயே வருகிறது, பெயர் கிடையாது, தருமர் வளர்த்ததாகவும் சொல்லப்படவில்லை. திரௌபதி, சகாதேவன், நகுலன், அர்ஜுனன், பீமன் என்று வழியில் ஒவ்வொருவராக விழுந்து கடைசியில் மிஞ்சுவது தருமரும் நாயும்தான். இந்திரன் தேரோடு வந்து ஏறச் சொல்கிறான். நாயும் வரட்டும் என்றால், நாயோடு வருபவர்களுக்குச் சொர்க்கத்தில் இடமில்லையாம்! தம்பிகளையும் மனைவியையுமே விட்டுவிட்டு வந்தவனுக்கு ஒரு நாயை விட என்ன தயக்கம் என்று குத்தியும் காட்டுகிறான். தருமர் அசரவில்லை. செத்தவர்களை என்னால் எழுப்ப முடியாது, உயிரோடு இருந்தவரை அவர்களை நான் விடவில்லை, இது உயிரோடு என்னை நம்பி நிற்கிறது, இதை விட்டுவிட்டு எனக்குச் சொர்க்கம் வேண்டாம் என்கிறார். அப்புறம்தான் அந்த நாய் தருமதேவதையாகத் தன் உருவத்தைக் காட்டுகிறது.

நாம் கண்ணீர் விடும் மற்ற கதைகளில் காத்திருப்பது நாய்தான். கிரேக்கக் காவியமான ஒடிஸியில் ஆர்கோஸ் 20 வருஷம் கழித்துப் பிச்சைக்கார வேஷத்தில் வந்த எஜமானனைச் சரியாக அடையாளம் கண்டுகொண்டு, எருக்குவியலில் கிடந்தபடியே வாலை ஆட்டிவிட்டுச் செத்துப்போகிறது. வேஷம் கலைந்துவிடும் என்பதால் அவனால் கிட்டே போய்த் தொடக்கூட முடியவில்லை, கண்ணைத் துடைத்துக்கொண்டு நகர்கிறான். டோக்கியோவின் ஷிபுயா ரயில் நிலையத்தில் ஹாச்சிகோ, 1925-இல் இறந்துபோன பேராசிரியருக்காக 1935-இல் தான் சாகும்வரை வந்து நின்றது. அதை 1987-இல் ஜப்பானிலும் 2009-இல் ரிச்சர்ட் கியரை வைத்து அமெரிக்காவிலும் படமாக எடுத்தார்கள். இரண்டாவதைப் பார்த்து எங்கள் வீட்டில் அழாத ஆள் இல்லை. ஆனாலும் எனக்குப் பெரிசாகப் படுவது பாரதம்தான். நாயின் விசுவாசத்தை அங்கே யாரும் சோதிக்கவில்லை, சோதனை முழுக்க மனுஷனுக்கு.

தொன்னையில் தயிர்சாதமும் ஒரு வடையும் கிடைத்தன. வெளியே பூக்கடை அடியில் ஒரு செவலை நாய் படுத்திருந்தது, பேரன் சொன்னது இதுவாகத்தான் இருக்கும். "உங்க நாயாம்மா?" என்று கேட்டேன்.

"என்னுது இல்லப்பா, அதுவா வரும். ராத்திரி கடையக் கட்னா பஸ் ஸ்டாப்பு வரைக்கும் கூடவே வந்து என்னை ஏத்திவுட்டுட்டுத்தான் போவும்."

தயிர்சாதத்தை நக்கித் தீர்த்தது, வடையை மோந்துவிட்டு விட்டுவிட்டது. அதில் மிளகு கொஞ்சம் அதிகம்தான். அடுத்த அஷ்டமிக்குப் போகிறவர்கள் மாலை நடை திறந்ததும் போய்விடுங்கள், நின்று பார்க்கலாம். செவ்வரளியை அந்த அம்மாவிடமே வாங்கிக்கொள்ளுங்கள்.