நின்றவர்கள் எத்தனை பேர்?

எங்கள் வரலாற்று மாஸ்ரர் காலமான செய்தி சென்ற ஐப்பசியில், ஒக்டோபர் 23 அன்று வந்தது. அவரிடம் படித்த எவருக்கும் அந்தத் திகதியை விளக்கத் தேவையில்லை.

1974. மேல்மாடிக் கடைசி அறை, மத்தியான மணிக்குப் பிந்திய பாடம். சிவப்பு, வெள்ளை, பச்சைச் சோக்கட்டிகளால் ஹங்கேரியின் கொடியை வரைந்து, நடுவில் கம்யூனிஸ்ட் ஆட்சியாளரின் சுத்தியலையும் கோதுமைக் கதிரையும் போட்டார். பிறகு அந்தச் சின்னத்தை மட்டும் உள்ளங்கையால் அழுத்தித் துடைத்தார். வட்டமாகக் கரும்பலகை தெரிந்தது. “இதுதான் அவர்கள் தூக்கிய கொடி” என்றார்.

1956 ஒக்டோபர் 23 அன்று, சோவியத் பிடியில் இருந்த ஹங்கேரியின் தலைநகர் புடாபெஸ்டில் மாணவர்கள் பதினாறு கோரிக்கைகளோடு தெருவில் இறங்கியதையும், அன்றிரவே வானொலி நிலையத்தில் துப்பாக்கி வெடித்ததையும், ஸ்டாலின் சிலை சரிந்து சப்பாத்துகள் மட்டும் பீடத்தில் எஞ்சியதையும், சோவியத் தலைமையிலான வார்சோ இராணுவ உடன்படிக்கையிலிருந்து விலகுவதாகப் பிரதமர் இம்ரே நாகி அறிவித்த மூன்றாம் நாள் விடியலில் சோவியத் டாங்கிகள் நகருக்குள் புகுந்ததையும், அவர் நேரில் நின்றவர் போலச் சொன்னார். அதை விசாரித்த ஐ.நா. குழுவின் ஐந்து நாடுகளில் இலங்கையும் ஒன்று என்று சொன்னபோது அவர் குரல் சற்று உயர்ந்தது.

அடுத்த கிழமை என்னை எழுப்பிக் கேள்வி கேட்டார். ஏறத்தாழ 2,500 ஹங்கேரியர் இறந்தனர், 2,00,000 பேர் எல்லை கடந்தனர் என்று பிசகாமல் ஒப்புவித்தேன்.

“போனவர்களை எண்ணிவிட்டாய். நின்றவர்கள் எத்தனை பேர்?”

சனத்தொகை ஒரு கோடிக்குச் சற்றுக் குறைவு என்று கொப்பியில் இருந்தது; கழித்துச் சொல்லியிருக்கலாம். நா எழவில்லை. மணி அடிக்கும்வரை, முழு வகுப்பின் முன்னும் நின்றேன். அந்த அவமானம் நெடுநாள் ஆறவில்லை.

1984இல் நான் புறப்பட்டு வந்துவிட்டேன். மாஸ்ரர் போகவில்லை. கூரை போன வகுப்பறையிலும், 1995 இடப்பெயர்வின்போது தென்மராட்சியில் மரநிழலிலும் அவர் பாடம் நடத்தியதைப் பிறர் சொல்லித்தான் அறிந்தேன். தூக்கிலிடப்பட்டு 31 ஆண்டுகளின் பின், 1989 ஜூன் 16இல் இம்ரே நாகி தோழர் நால்வருடன் மரியாதையோடு மீள அடக்கம் செய்யப்பட்டதைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். பெயர் தெரியாது மாண்ட போராளிகளுக்கென ஆறாவதாக ஒரு வெறும் பெட்டியும் வைத்திருந்தார்கள். அதைப் பற்றி அவருக்கு எழுத நினைத்து, எழுதாமலே இருந்துவிட்டேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒஸ்திரிய எல்லையில் ஆண்டாவ் பாலத்துக்குப் போனேன். கால்வாயின் மேல் சின்னஞ்சிறு மரப்பாலம்; 1956 நவம்பரில் தகர்க்கப்பட்டு, 1996இல் மீளக் கட்டப்பட்டது. ஏறத்தாழ 70,000 பேர் அந்த வழியாகத்தான் தப்பினார்கள். வந்த திசையை அவர்கள் ஒருமுறையாவது திரும்பிப் பார்த்திருப்பார்கள் என்று எண்ணி, மரக்கைபிடியைப் பற்றியபடி ஹங்கேரியப் பக்கத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று மாலை மாஸ்ரருக்கென்று ஒரு படத்தபாலட்டை வாங்கினேன். அது இன்னும் என் மேசை லாச்சியில் கிடக்கிறது. அவருடைய விலாசம் மட்டும் எழுதியிருக்கிறேன்.