பழைய பேப்பர் கடையில் வாங்கிய இங்கிலீஷ்

வங்கித் தேர்வுக்குத் தயாராகிறவர்களிடம் எல்லாரும் சொல்லும் முதல் யோசனை, "தினமும் இங்கிலீஷ் இந்து பேப்பர் படி." அதோடு நிறுத்திக்கொள்வார்கள். எந்தப் பக்கத்தைப் படிப்பது, புரியாத சொல் வந்தால் என்ன செய்வது என்று கேட்டால், "படிக்கப் படிக்க வந்துடும்" என்பார்கள். வடசென்னை தண்டையார்பேட்டையில் பிளஸ் டூ வரை தமிழ் வழியில் படித்து, பி.காம். முடித்த எனக்கு அது அப்படி வரவில்லை. தலையங்கத்தின் முதல் பத்தியைத் தாண்டுவதற்குள் லிஃப்கோ அகராதியை ஏழெட்டு தடவை புரட்ட வேண்டும். இரண்டாவது பத்திக்கு வரும்போது முதல் பத்தியில் என்ன சொன்னார்கள் என்பது மறந்துபோகும்.

இப்போது ஸ்டேட் பாங்க் கிளார்க் தேர்வில் தேறிவிட்டேன். எங்கள் தெருவில் இந்த வருஷம் எழுதப் போகிற பிள்ளைகள், "அக்கா, இங்கிலீஷை எப்படிச் சமாளிச்சீங்க?" என்று கேட்கிறார்கள். எனக்குப் பலித்த வழியைச் சொல்கிறேன்.

முதலில் தேர்வு என்ன கேட்கிறது என்று பார்த்துவிட வேண்டும். கிளார்க் முதல்நிலைத் தேர்வில் மொத்தம் 100 கேள்விகள், ஒரு மணி நேரம். அதில் இங்கிலீஷ் 30 கேள்விகள், அதற்கென்று தனியாக 20 நிமிடம். மிச்சமான நேரத்தைக் கணிதப் பகுதிக்குக் கொண்டுபோக முடியாது. தப்பான விடைக்குக் கால் மார்க் போகும். "இந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம்" என்று நேராகக் கேட்பது குறைவு. ஒரு வாக்கியத்தில் நான்கு சொற்களை இடம் மாற்றிப் போட்டுவிட்டு, எது எங்கே வர வேண்டும் என்று கேட்பார்கள். ஒரு பத்தியில் ஓட்டைகள் விட்டு நிரப்பச் சொல்வார்கள். அதாவது எந்தச் சொல் எந்தச் சொல்லோடு சேரும் என்பதுதான் அங்கே பரீட்சை. மத்திய அரசு வேலைக்கு ஆள் எடுக்கும் எஸ்எஸ்சி தேர்வுகள் அப்படியில்லை. அதில் பட்டதாரிகள் எழுதும் சிஜிஎல் தேர்வின் முதல் கட்டத்தில் 25 கேள்வி, 50 மார்க். அங்கே சம பொருள், எதிர்ப்பதம், மரபுத்தொடர் எல்லாம் நேரடியாகவே வரும். எஸ்எஸ்சி மட்டும் எழுதுகிறவர்கள் பேப்பரோடு மல்லுக்கட்டுவதை விட பழைய வினாத்தாள்களைக் கரைத்துக் குடிப்பது நல்லது என்பது என் எண்ணம்.

சரி, பேப்பர் கிடைக்க வேண்டுமே. கிளை நூலகத்தில் ஒரே ஒரு பிரதி. அதையும் ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் காலையிலேயே எடுத்து ஷேர் மார்க்கெட் பக்கத்தை விரித்துவிடுவார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது, அவர் காசு அவருக்கு. வீட்டில் வாங்கலாம் என்றால், அப்பா ஏற்கெனவே தினத்தந்தி வாங்குகிறார். இரண்டாவது பேப்பர் என்று வாயைத் திறந்தாலே அம்மா முறைப்பார்.

அப்போதுதான் எங்கள் தெருமுனைப் பழைய பேப்பர் கடைக்குப் போனேன். தலையங்கப் பக்கம் மட்டும் வேண்டும் என்றேன். கடைக்கார அண்ணன் சிரித்துவிட்டு, "பக்கம் பக்கமா எல்லாம் பிரிக்க முடியாதும்மா, கட்டாத்தான். அதுவும் இங்கிலீஷ் பேப்பர்னா கிலோவுக்குக் கூடப் போகும்" என்றார். கட்டாகவே வாங்கி வந்தேன். படித்து முடித்ததும் அதே கடையில் கொஞ்சம் குறைத்துத் திருப்பி எடுத்துக்கொண்டார். தலையங்கப் பக்கத்தை மட்டும் கிழித்து வைத்துக்கொள்வேன், மீதிக்குத்தான் எடை.

காசு மிச்சமாகும் என்றுதான் வாங்கினேன். ஆனால் பெரிய லாபம் வேறு இடத்தில் இருந்தது. ஒரு கட்டு என்றால் ஏறக்குறைய ஒரு மாதத்துப் பேப்பர். ஒரு விவகாரம் திங்கட்கிழமை தொடங்கினால் புதன்கிழமை அதைப் பற்றி ஒரு தலையங்கம், அடுத்த வாரம் வலது பக்கத்தில் யாராவது ஒரு பேராசிரியரின் கட்டுரை, அப்புறம் கோர்ட் ஏதாவது சொன்னால் இன்னொரு தலையங்கம். எல்லாவற்றையும் ஒரே மாலையில் வரிசையாக வைத்துப் படிக்கலாம். முதல் கட்டுரையில் அகராதி பார்த்த சொல் மூன்றாவது கட்டுரையில் எதிரே வந்து நிற்கும். தினம் ஒரு பேப்பர் படிக்கிறவர்களுக்கு அது திரும்ப வருவதற்குள் பழையது மறந்திருக்கும்.

ரிசர்வ் வங்கி விஷயத்தில் இதை நன்றாகப் பார்த்தேன். 2023 பிப்ரவரியில் ரெப்போ வட்டி, அதாவது ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் வட்டி, 6.5 சதவீதம் ஆனது. அதன்பிறகு 2025 பிப்ரவரியில் குறைக்கும் வரை அது அசையவே இல்லை. ஆனால் நிதிக்கொள்கைக் குழு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கூடும், ஒவ்வொரு முறையும் பேப்பர்காரர்கள் எழுதியே ஆக வேண்டும். அதே சேதியை எத்தனை விதமாகச் சொல்ல முடியுமோ அத்தனை விதமாகச் சொல்லியிருப்பார்கள். வட்டி மாறவில்லை என்பதற்கு ஒருமுறை ஹெல்ட், ஒருமுறை ரிடெய்ன்ட், இன்னொரு முறை ஸ்டேட்டஸ் குவோ. விலைவாசி குறையவில்லை என்பதற்கு ஸ்டிக்கி, எலிவேட்டட், ஸ்டபர்ன். வளர்ச்சி மந்தம் என்றால் டெபிட் (tepid), நன்றாக இருந்தால் பாயன்ட் (buoyant). சம பொருள் பட்டியலை யாரோ எனக்காகவே போட்டு வைத்த மாதிரி இருந்தது. வங்கித் தேர்வுக்குப் பொது அறிவும் இதிலேயே வந்துவிடும், அது கூடுதல் வரவு.

இன்னொன்று, விஷயத்தைத் தமிழில் தெரிந்துகொண்டு பிறகுதான் இங்கிலீஷுக்குப் போவேன். அப்பாவின் தினத்தந்தியில் செய்தியைப் படித்திருந்தால், இங்கிலீஷ் வாக்கியத்தில் பாதி சொல் தெரியாவிட்டாலும் என்ன சொல்லப் போகிறார்கள் என்று ஊகிக்க முடியும். ஊகித்த பிறகு அகராதி பார்த்தால் சொல் நிற்கிறது. வெறுமனே பார்த்தால் நிற்பதில்லை. வெளிநாட்டு அரசியல் கட்டுரைகளை நான் பெரும்பாலும் தள்ளிவிட்டேன். அந்த ஆட்கள் யார் என்றே தெரியாமல் சொல்லை மட்டும் எப்படிப் பிடிப்பது?

நம்ம ஏரியா செய்தி என்றால் இன்னும் சுலபம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் கலந்து பரவியது. எர்ணாவூரில் இருக்கும் என் அத்தை வீட்டுச் சுவரில் வெள்ளம் ஏறிய உயரம் வரைக்கும் கறுப்புக் கோடு. அந்த மாதக் கடைசியில் பெரியகுப்பம் பக்கம் கடலுக்கடியில் போகும் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, ராத்திரியோடு ராத்திரியாக ஜனங்கள் வீட்டை விட்டு ஓடினார்கள். அந்த இரண்டைப் பற்றியும் வந்த கட்டுரைகளைத் தேடித் தேடிப் படித்தேன். எஃப்ளுவென்ட் (கழிவுநீர்), எஸ்சுவரி (முகத்துவாரம்), ரெமெடியேஷன் (மாசை அகற்றிச் சீர்செய்வது), லையபிலிட்டி (பொறுப்பு), லாக்ஸ் (மெத்தனமான) என்று வந்த எதையும் நான் மனப்பாடம் செய்யவில்லை. அத்தை வீட்டுச் சுவரைப் பார்த்தவளுக்கு ரெமெடியேஷன் என்றால் என்ன என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

நோட்டில் சொல்லை மட்டும் எழுதுவதில்லை, அது வந்த வாக்கியத்தையே எழுதுவேன். ஃப்ளௌட் (மீறுவது) என்று மட்டும் எழுதினால் பிரயோஜனம் இல்லை. ஃப்ளௌட் நார்ம்ஸ் (விதிகளை மீறுவது) என்று சேர்த்து எழுத வேண்டும். குவாஷ் (ரத்து செய்வது) என்றால் பக்கத்தில் ஆர்டர், அலே (தணிப்பது) என்றால் ஃபியர்ஸ், கர்ப் (கட்டுப்படுத்துவது) என்றால் இன்ஃப்ளேஷன். எதிர்ப்பக்கத்தில் அதே சொல்லை வைத்து நானே ஒரு வாக்கியம் எழுதுவேன். எண்ணூர் நெடுஞ்சாலையில் துறைமுகத்துக்கு வரிசை கட்டும் கன்டெய்னர் லாரிகளும் கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டும் என் நோட்டில் நிறைய வரும். அந்த கேட் மூடியிருக்கும் நேரத்திலேயே ஒரு பக்கம் ரிவிஷன் முடித்த நாட்கள் உண்டு.

டெலிகிராமில் தினமும் வருகிற "இன்றைய எடிட்டோரியல் சொற்கள்" பிடிஎஃப்களை நானும் சேர்த்து வைத்தேன். போன் மெமரி நிறைந்தது, அவ்வளவுதான். வாக்கியத்திலிருந்து பிடுங்கி எடுத்த சொல் எதோடு சேரும் என்று அதில் தெரியாது.

தேர்வு நெருங்கியபோது புதுக் கட்டு வாங்குவதை நிறுத்திவிட்டு, கிழித்து வைத்த பக்கங்களையே கடிகாரம் வைத்துத் திரும்பப் படித்தேன். முதல்நிலைக்கு அடுத்த மெயின்ஸ் தேர்வில் இங்கிலீஷ் 40 கேள்வி, 35 நிமிடம். நீளமான பத்தியைப் பார்த்துக் கை நடுங்காமல் இருப்பதே அங்கே பாதி வேலை. எழுதியவர் ஆதரிக்கிறாரா, எதிர்க்கிறாரா, சந்தேகப்படுகிறாரா என்று கேட்கும் கேள்விகளுக்கு ஆஸ்டென்சிப்ளி (வெளிப்பார்வைக்கு), ஆல்பீட் (என்றாலும்) போன்ற சின்னச் சொற்கள்தான் கை கொடுத்தன. பெரிய பெரிய சொற்களைத் தேடி ஓடுகிறவர்கள் இவற்றைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

மெயின்ஸுக்கு அப்புறம் உள்ளூர் மொழி தெரியுமா என்று ஒரு சோதனை இருக்கிறது. பத்தாவதிலோ பிளஸ் டூவிலோ அந்த மொழியைப் படித்த மார்க் ஷீட் இருந்தால் அதை எழுத வேண்டாம். இரண்டிலும் தமிழ் இருந்தது, ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தேன்.